புது ஜீன்ஸ், புது உணவகம், பால் வெள்ளை சோபா

ஒரே ராத்திரியில் எனக்கு ஆன செலவை எண்ணில் சொன்னால் ஒருவருக்கு அது பெரிதாகத் தெரியும், இன்னொருவருக்கு அற்பமாகத் தெரியும். அதனால் அன்று நான் போட்டிருந்த ஜீன்ஸையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஒரு ஜீன்ஸ் என்பது என் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த ஜீன்ஸையும் சேர்த்து, அன்று தொடங்கி பதினைந்து நாளில் என் கையை விட்டுப் போனது நாலரை ஜீன்ஸ். கூடவே நல்ல ஷூ ஒன்று நிறம் மாறிப்போனது, மூன்று நண்பர்களோடு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனைக்கும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். புதிதாகத் திறந்த உணவகத்துக்குப் புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திட்டம் போட்டதும் நான்தான். கல்லூரி நண்பர்கள் நாலு பேர், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. ஆசிய பாணி உணவகம் ஒன்று திறக்கப் போகிறார்கள் என்று படங்கள் வந்துகொண்டிருந்தன. மூங்கில் தட்டிகள், காகித விளக்குகள், பால் வெள்ளையில் நீள நீளமாக சோபாக்கள், அவற்றின் மேல் மஞ்சளாய் விழும் வெளிச்சம். ஜப்பானிய ராமென், தைவான் பக்கத்து பாவ், கொரிய வறுத்த கோழி, தாய்லாந்தின் பச்சைக் கறி எல்லாம் ஒரே மெனுவில். திறந்த மூன்றாம் நாள் இரவு நாலு பேருக்கு இடம் போட்டேன். ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்டார்கள், நாலு பேருக்கும் நானே கட்டினேன். "டேய், நீ போடு, அங்க வந்து தர்றோம்" என்றார்கள் மூன்று பேரும். ஆளுக்கு மூன்றில் ஒரு ஜீன்ஸ்.

இங்கேயே முதல் தப்பு. முன்பணம் கட்டும்போது கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. வராத தலைக்கு முன்பணம் திரும்பாது, எண்ணிக்கையைக் குறைப்பதானால் 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. உணவகத்தைக் குறை சொல்ல முடியாது. திறந்த வாரத்தில் மேசை காலியாகக் கிடந்தால் அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் யார் பணம் யார் தலையில் என்பதை நண்பர்களிடம் அன்றே பேசியிருக்கலாம். கூட்டாகப் போகும்போது ஒருவர் எல்லாருக்கும் கட்டுவது பெருந்தன்மை மாதிரி தெரியும். முன்பணத்தை அவரவர் அனுப்பிய பிறகுதான் இடம் போடுவேன் என்று சொல்லியிருந்தால், வருகிறவன் யார், சும்மா தலையாட்டுகிறவன் யார் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இடம் உறுதியான செய்தியோடு உடை பற்றி ஒரு வரி வந்தது: ஸ்மார்ட் கேஷுவல். இந்த இரண்டு சொல்லும் ஆண்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோட்டு வேண்டாம், ஆனால் வீட்டில் கிடக்கிற மாதிரியும் வராதே என்பதுதான் பொருள். பெரும்பாலான இடங்களில் கிழிசலோ வெளிறலோ இல்லாத அடர் நிற ஜீன்ஸ், காலர் வைத்த சட்டை அல்லது தடிமனான டீ ஷர்ட், சுத்தமான ஷூ இவ்வளவு போதும். அரைக்கால் சட்டை, செருப்பு, முழங்காலில் ஓட்டை விட்ட ஜீன்ஸ் இதெல்லாம்தான் வாசலில் பிரச்சினை ஆகும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் என் பழைய அடர்நீல ஜீன்ஸே போதும் என்று சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் புதிதாக ஒன்று வாங்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கடையில் இருந்த பையன் கெட்டிக்காரன். எடுத்ததுமே, "சார், இது ரா டெனிம், பதினாலு அவுன்ஸ், செல்வெட்ஜ்" என்றான். எனக்குப் பாதி புரிந்தது, மீதி புரிந்த மாதிரி தலையாட்டினேன். இப்போது புரிந்ததைச் சொல்கிறேன். டெனிம் என்பது ஜீன்ஸ் துணி. அவுன்ஸ் என்பது ஒரு சதுர கஜம் துணியின் எடை. பத்து, பதினொன்று லேசு, பதினாலு கனம். செல்வெட்ஜ் என்பது நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம் வைத்த பழைய தறியில் குறுகிய அகலத்தில் நெய்து, ஓரத்தில் பிரியாமல் கரை கட்டிய துணி. கால் ஓரத்தை வெளியே மடித்துவிட்டால் அந்தக் கரை தெரியும். அதைக் காட்டத்தான் பாதிப் பேர் மடித்தே விடுகிறார்கள். ஜப்பானில் ஒகயாமா பக்கம் கோஜிமா என்கிற ஊர் இதற்குப் பேர் போனது. ரா என்றால் நெய்து தைத்த பிறகு ஒரு தடவைகூடத் தண்ணீரில் முக்காதது. விறைப்பாக இருக்கும், கருநீலமாக இருக்கும். போடப் போட நம் உடம்புக்கு ஏற்ற இடங்களில் மட்டும் வெளுத்து, நமக்கே நமக்கான ஜீன்ஸாக மாறும் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் வெளுக்கிற நீலம் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அது எங்கே போகும் என்பதற்குக் காரணம் சாயத்திலேயே இருக்கிறது. டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் ஜீன்ஸின் உள்பக்கம் வெளிறித் தெரிகிறது. அந்தப் பாவுக்கு ஏற்றுவது அவுரி நீலம், இண்டிகோ. இன்று பெரும்பாலும் ஆலையில் செய்வதுதான், ஆனால் குணம் அதே குணம். இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. வேதிமுறையில் கரைய வைத்து அதில் நூலை முக்கி எடுத்தால் முதலில் பச்சை மஞ்சளாக வரும், காற்று பட்டதும் நீலமாகும். திரும்பத் திரும்ப முக்கி, காற்றாடவிட்டு அடர்த்தியை ஏற்றுவார்கள். இத்தனை முக்கினாலும் நிறம் நூலின் மேல்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நடு இழை வெள்ளையாகவே இருக்கும். ஜீன்ஸ் அழகாக வெளுப்பதும் இதனால்தான், உட்கார்ந்த இடத்தில் எல்லாம் நிறத்தை இழைத்துவிட்டு வருவதும் இதனால்தான். துவைக்காத புது ஜீன்ஸில் மேலோட்டமாக ஒட்டிய சாயம் ஏராளமாக இருக்கும். ஈரம் பட்டால் இன்னும் தாராளமாக வரும். ஜீன்ஸோடு வந்த அட்டையில் இதைப் போட்டிருந்தார்கள்: வெளிர் நிறத் துணிமேலும் தோல்மேலும் நிறம் ஒட்டக்கூடும். அந்த அட்டையை நான் வாரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படித்தேன்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் கைக்குட்டையின் மூலையைக் கொஞ்சம் நனைத்து, ஜீன்ஸின் உள்பக்க ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை நீலமானால் அந்த ஜீன்ஸ் இன்னும் வெளியே கூட்டிப் போகத் தயாராகவில்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஜீன்ஸ் நீளமாக இருந்தது. பக்கத்திலேயே தையல்காரர். அவர் வயதானவர், ஜீன்ஸைக் கையில் வாங்கியதும் துணியைக் கசக்கிப் பார்த்து, "தம்பி, இது துவைச்சதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "துவைச்சுட்டு வாங்களேன், அப்புறம் வெட்டலாம்" என்றார். நாளைக்கே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, கணுக்காலைத் தொடும் அளவுக்கு வெட்ட வைத்தேன். வெட்டின துண்டைச் சுருட்டி என் பையிலேயே போட்டுக் கொடுத்தார். "வச்சுக்கோங்க" என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவனுக்குக் காய்ச்சல். ஆறரைக்கு இன்னொருவனுக்கு அலுவலகத்தில் வேலை. மூன்றாமவன் போனையே எடுக்கவில்லை. நானும் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கட்டின காசு கண்ணை உறுத்தியது, புது ஜீன்ஸ் வேறு. ஒருவனாவது சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். இருபது நிமிட நடை, புழுக்கம், நடுவில் ஒரு தூறல். பதினாலு அவுன்ஸ் டெனிமுக்குள் தொடை இரண்டும் வெந்தன. முழங்கால் மடங்க மறுத்தது. கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தேன், அந்தக் கையாலேயே முகத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டேன். வாசலில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. இடது கன்னத்தில் காதிலிருந்து மூக்குவரை சாம்பல் நீலத்தில் ஒரு கோடு. நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு பேர் மேசைக்கு ஒருவன் வந்ததில் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு வருத்தமே. மூன்று பேர் முன்பணம் திரும்பாது என்று மென்மையாகச் சொன்னாள். ஒரு முழு ஜீன்ஸ் அங்கே போனது. எங்களுக்கு ஒதுக்கியிருந்தது தரையோடு தரையாக இருக்கும் தாழ்வான மேசை, ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். கழற்றினேன். வெள்ளை ஷூவின் மேல்வாயில் சுற்றிலும் நீல வளையம், சாக்ஸ் கணுக்காலில் நீலப் பட்டை. விறைத்த புது டெனிமில் சம்மணம் போட முயன்று பாருங்கள், அட்டைப் பெட்டியை மடிப்பது போல இருக்கும். ஒரு காலை மடக்கினேன், இடுப்பு பொத்தான் மூச்சை நிறுத்தியது. தம்பி, நாற்காலி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று பரிமாறுகிற பையனிடம் கேட்டேன். அவன் பெருமையோடு என்னை அழைத்துப் போய் உட்கார வைத்தது, படங்களில் பார்த்த அந்தப் பால் வெள்ளை சோபாவில்.

இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் உட்காரும் வசதி எப்படி என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. தரை மேசை என்றால் கொஞ்சம் நெகிழ்கிற துணி வேண்டும். எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை இரண்டு சதவீதம் கலந்த ஜீன்ஸ்கூடப் போதும், உட்கார்ந்தால் கொடுத்து வாங்கும். உயரமான இடுப்பும் கொஞ்சம் தளர்ந்த தொடையும் இருந்தால் இன்னும் நல்லது. கடையில் போட்டுப் பார்க்கும்போது எல்லாரும் கண்ணாடி முன் நின்று பார்க்கிறோம். ஒரு தடவை குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாப்பாடு என்பது உட்கார்ந்து செய்கிற காரியம். அப்புறம், கிழியாத சாக்ஸ்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதுவும் ஒரு தனிக் கதை. திறந்த வாரத்தில் சமையலறை இன்னும் கை பழகிக்கொண்டிருக்கும். நான் கேட்ட ஐந்தில் மூன்று "இன்னைக்கு இல்லை சார்". இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் போனால் அதே காசுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பது என் எண்ணம். முதலில் எடமாமே வந்தது. பச்சை சோயா, தோலோடு வேகவைத்து மேலே உப்பு தூவியது. நான் தோலோடு வாயில் போட்டு மென்றேன். மென்றேன், மென்றேன், நார் மட்டும் பெருகிக்கொண்டே போனது. பக்கத்து மேசையில் ஒரு சிறுமி காயைப் பல்லில் வைத்து இழுத்து, பருப்பை மட்டும் வாயில் வாங்கிக்கொண்டு தோலைத் தனிக் கிண்ணத்தில் போட்டாள். நான் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விழுங்கினேன்.

தட்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாக, எது தயாரானதோ அது முதலில் என்ற கணக்கில் வந்தன. நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவதற்கான ஏற்பாடு அது. ஒற்றை ஆளாகப் போனால் இரண்டு தட்டிலேயே பட்ஜெட் முடியும், வயிறு முடியாது. தனியாக இருந்தால் ஒரு கிண்ணம் ராமெனோ ஒரு சாதக் கிண்ணமோ கேட்பதுதான் புத்திசாலித்தனம். வசாபி என்று பச்சையாக ஒரு உருண்டை வைத்தார்கள். உண்மையான வசாபி விலை கூடுதல், பெரும்பாலான இடங்களில் வருவது குதிரைமுள்ளங்கி (ஹார்ஸ்ராடிஷ்) என்கிற காரக் கிழங்கும் கடுகும் சேர்த்துப் பச்சை நிறம் போட்டது. எதுவானாலும் அரிசி மணி அளவுக்கு மேல் தொட வேண்டாம், அது நாக்கில் நிற்காது, நேராக மூக்குக்கு ஏறும். எனக்கு ஏறியது. கண்ணீரோடு குச்சிகளைச் சோற்றுக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினேன். பையன் ஒன்றும் சொல்லாமல் வந்து அவற்றை எடுத்துப் பக்கத்திலிருந்த சின்னத் தாங்கியில் படுக்க வைத்தான். ஜப்பானில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்தி வைப்பார்களாம். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் கூடாது, அதுவும் ஈமச் சடங்கை நினைவுபடுத்துவது. குச்சியே வராதென்றால் கரண்டி கேட்பதில் வெட்கமே வேண்டாம். தாய்லாந்துக்காரர்கள் சோற்றைக் கரண்டியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆசியா முழுக்கக் குச்சி என்று நாமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கை கழுவ எழுந்தேன். திரும்பிப் பார்க்கத் தோன்றியது ஏன் என்று தெரியவில்லை. சோபாவில் நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தொடை, ஒரு பின்புறம், வலது பக்கம் பாக்கெட்டின் தையல் உட்பட, வெள்ளைத் துணிமேல் நீலத்தில் அப்படியே அச்சு. மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் அடிப்பக்கமும் நீலம். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் செய்த அடுத்த வேலைதான் மகா முட்டாள்தனம். தண்ணீர் தம்ளரில் காகிதக் கைத்துடைப்பை நனைத்து அந்தக் கறையை அழுத்தித் தேய்த்தேன். அச்சு கலைந்தது, நீலம் ஒரு சாண் அகலத்துக்குப் பரவியது. தேய்க்கவே கூடாது. உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே உணவகத்துக்காரர்களைக் கூப்பிட வேண்டும். எந்தத் துணிக்குத் தண்ணீர் ஆகும், எதற்கு ஆகாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் சோபா உறையிலேயே அதற்கான குறி இருக்கும்.

மேலாளர் வந்தார். கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. புது சோபா சார், மூணு நாள்தான் ஆகுது என்றார். முதலில் உறையை மாற்ற ஆகும் முழுச் செலவையும் சொன்னார், பிறகு இறங்கி வந்து ஒன்றரை ஜீன்ஸ் கேட்டார். பக்கத்து மேசைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சிறுமியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தை விட்டு வெளியே போனால் போதும் என்று, ரசீதுகூட வாங்காமல் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முக்கால் ஜீன்ஸ், அதில் சேவைக் கட்டணம் தனி வரியில் ஏறியிருந்தது. என் தலைக்கான முன்பணத்தை மட்டும் கழித்துக்கொண்டார்கள்.

இப்போது அப்படி நடந்தால் வேறு மாதிரி நடந்துகொள்வேன். தப்பு என்னுடையதுதான், தப்பிக்கப் பார்க்க மாட்டேன். ஆனால் முதலில் கறையைப் படம் எடுத்துக்கொள்வேன். என் பேர், எண் கொடுத்து, சுத்தம் செய்ய ஆகிற செலவை நான் தருகிறேன், ஆளைக் கூப்பிட்டுச் செய்துவிட்டு ரசீதை அனுப்புங்கள் என்பேன். சுத்தம் செய்து போகக்கூடிய கறைக்கு உறை முழுக்க மாற்றும் காசைக் கொடுப்பது வெட்கத்துக்குக் கொடுக்கிற விலை. எதைக் கொடுத்தாலும் எதற்கு என்று எழுதி வாங்க வேண்டும். நான் வாங்காததால் நாலு நாள் கழித்து ரசீது கேட்டு இரண்டு தடவை போன் செய்தேன், வரவேயில்லை. ஆனால் ஒன்று, ஜீன்ஸ் போட்டு வா என்கிற இடத்தில் வெள்ளை சோபா போடுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? நாற்காலியைக் கெடுப்பது ஜீன்ஸுக்குப் பரம்பரைப் பழக்கம். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லெவி ஸ்ட்ராஸும் பாக்கெட் மூலைகளில் செப்பு ரிவெட் (குமிழாணி) அடிக்கக் காப்புரிமை வாங்கியது 1873இல். பின்பாக்கெட்டில் இருந்த அந்த ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்து, 1937இல் அவற்றைத் துணிக்கு அடியில் மறைத்தார்கள். ரிவெட்டை மறைக்கலாம், சாயத்தை எங்கே மறைப்பது.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரில் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்றார்கள். நிற்காது. அவுரி நீலம் அந்த வழியில் பிடிப்பதே இல்லை, உப்பும் வினிகரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேலே ஒட்டியிருக்கிற உபரிச் சாயம் போக வேண்டும், அதற்குத் துவைப்பது ஒன்றுதான் வழி. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், லேசான சோப்பில், தனியாக. தண்ணீர் கறுத்து வரும், மாற்றி மாற்றி அலச வேண்டும். பிறகு நிழலில் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு ஈரக் கைக்குட்டைச் சோதனையை மறுபடி செய்து பார்க்கலாம். ஆறு மாதம் துவைக்கவே கூடாது என்பார்கள் ஜீன்ஸ் பித்தர்கள். அழுத்தமான வெளுப்புக் கோடுகள் வேண்டும் என்றால் அது சரிதான், ஆனால் அந்த ஆறு மாதமும் மர நாற்காலியில் உட்கார வேண்டும்.

நான் அவசரத்தில் வெந்நீரில் போட்டேன். காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே நிற்கிறது. ஆலையிலேயே சுருக்கி அனுப்பும் துணியை சான்ஃபரைஸ்டு என்பார்கள், அது துவைத்தாலும் கொஞ்சமாகத்தான் சுருங்கும். என்னுடையது அப்படிச் சுருக்காதது. அந்த வகை பத்து சதவீதம் வரைகூடச் சுருங்கும். ஒரு மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் என் கணுக்கால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. வாங்கும்போது இது எந்த வகை என்று கேட்பதும், துவைத்த பிறகே நீளம் வெட்டுவதும் கட்டாயம். தையல்காரர் கொடுத்த துண்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. துண்டைத் தனியாக ஊறவைத்துச் சுருக்கி எடுத்து வரச் சொல்லி, பிறகு கீழே ஒட்டுப் போட்டுத் தைத்தார். வெட்டினது, ஒட்டினது, ஷூவுக்கு வாங்கிய திரவம் எல்லாம் சேர்த்துக் கால் ஜீன்ஸ். ஒட்டின இடம் மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. ஷூவின் நீல வளையம் மட்டும் போகவில்லை.

பணத்தைவிட உறுத்தியது தனியாக உட்கார்ந்திருந்ததுதான். கூட ஒருவன் இருந்திருந்தால் கன்னத்தில் கோடு இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லியிருப்பான், எடமாமேவைத் தோலோடு தின்கிறாயே என்று கேலி பண்ணியிருப்பான், மேலாளரிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேசியிருப்பான். வராத மூன்று பேரிடமும் நான் முன்பணத்தைக் கேட்கவில்லை, கேட்காமலே கோபமாக இருந்தேன். ஒரு மாதம் கழித்து காய்ச்சல்காரன் தானாக அவன் பங்கை அனுப்பினான். மற்ற இருவருக்கும் அந்தக் கன்னத்துப் படத்தை அனுப்பினேன். ஒருவன் பணம் அனுப்பினான். போனை எடுக்காதவன் சிரிக்கிற பொம்மை அனுப்பினான்.

போன வாரம் அந்த உணவகத்துக்கே மறுபடி போனேன், இந்தத் தடவை இரண்டு பேராக. மெனுவில் இருந்தது எல்லாம் இருந்தது. எட்டுத் தடவை துவைத்த அதே ஜீன்ஸ். மரப்பலகை போட்ட உயர நாற்காலி கேட்டு வாங்கினேன். மேசையில் வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. அதே பையன்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜீன்ஸைப் பார்த்தான், வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கறுப்புத் துணி ஒன்றோடு வந்தான். "துவைச்சாச்சு தம்பி" என்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, கறுப்பையே என் மடிப்பக்கம் வைத்துவிட்டுப் போனான்.